கொழுந்தன் குதித்த படம்

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லோரும் ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொடுப்பவருக்கென்று இடப்பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மனம் நோகாமல் அதை மிதிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பகலெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், இருட்டியதும் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, பின்னால் கேமராவை மாட்டி, வெறும் கண்ணுக்கு எட்டாத நெபுலாக்களை, விண்வெளியின் வாயு மேகங்களை, படம் பிடிப்பாள்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். பிறகு அத்தனை படங்களையும் லேப்டாப்பில், நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்படி அடுக்க வேண்டும். அடுக்க அடுக்க மங்கல் தெளியும். அவளுக்கோ தெளியவில்லை. படம் முழுக்க, சாரல் அடித்த மாதிரி, ஒரே பக்கமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள்.

“அழகாத்தானே இருக்கு? அங்கயும் மழை போல,” என்றார் மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர்.

கேமராதான் கெட்டுவிட்டதோ என்று பயந்து, டெலஸ்கோப் மூடியைப் போட்டபடியே சில படங்கள் எடுத்துப் பார்த்தாள்.

“மூடிய கழட்டாம போட்டோ எடுக்கிற ஆள இப்பதான் பாக்குறேன்!”

“சும்மா இருங்க. கேமராவுல என்ன கறை இருக்குன்னு இதுலதான் தெரியும்.”

இருட்டுப் படத்தில் அங்கங்கே புள்ளிகள் இருந்தன. கோடு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கோடு எங்கிருந்து வருகிறது? மண்டையைக் குடைந்தது.

வீட்டில் இன்னொரு தொல்லை, கொழுந்தன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வயிற்றைக் குறைக்க மாடியில்தான் ஸ்கிப்பிங் ஆடுவேன் என்று அடம்பிடித்தான்.

“தம்பி, நீ குதிச்சா டெலஸ்கோப் ஆடுது. கீழ போய்க் குதி.”

“கீழ குதிச்சா அம்மா திட்டுறாங்க அண்ணி. பாத்திரமெல்லாம் உருளுதாம்.”

ஒரு நாள் டெஸ்ட்டில் தோற்றுப்போன மாணவி ஒருத்தி போனில் அழுதாள். கேமராவைத் தானாக ஓடவிட்டுவிட்டு, அவளைத் தேற்றுவதற்காகக் கீழே இறங்கினாள் பிரேக் அக்கா. இதுதான் சமயமென்று கொழுந்தன் மேலே ஏறிவிட்டான். கொஞ்சம் குதிப்பதும் மூச்சு வாங்கி உட்காருவதுமாகப் பொழுதை ஓட்டியிருக்கிறான்.

மறுநாள் பார்த்தால் பாதிப் படங்களில் நட்சத்திரங்கள் புழு மாதிரி நெளிந்திருந்தன. அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவற்றைத் தூக்கி எறிந்தாள். மிச்சத்தை வேண்டாவெறுப்பாக அடுக்கினாள். கோடுகளைக் காணோம்!

கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடுக்காத பழைய படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஸ்டியரிங்கை விட்டால் ஒரு பக்கமாக இழுக்கும் கார் போல, நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் ஒரே மூலைக்கு மெல்ல நகர்ந்திருந்தன. இருட்டுப் படத்தில் புள்ளிகளாகத் தெரிந்த கேமராவின் கறைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. நட்சத்திரத்தைப் பொருத்தி அடுக்கும்போது கறைகள் இழுபட்டுக் கோடாகியிருக்கின்றன. கொழுந்தன் குதித்த அன்று படங்கள் மூலைக்கொன்றாகத் துள்ளியதால் கறைகள் சிதறிக் கரைந்துபோயிருந்தன.

இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டுமே. அடுத்து வானம் தெளிந்த நாளில் முதலில் அசையாமல் எடுத்தாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“ஒரு படம் முடிஞ்சதும் சொல்றேன். அப்ப மட்டும் குதி.”

“எந்தப் பக்கம் பாத்து, அண்ணி?”

“எந்தப் பக்கமா இருந்தா என்ன? குதி! ம், நிறுத்து!”

சத்தம் கேட்டுக் கணவர் மூச்சிரைக்க ஏறிவந்தார். “என்னடா நடக்குது இங்க?”

“ஆராய்ச்சி, அண்ணா,” என்றான் தம்பி, வேர்வையைத் துடைத்தபடி.

தனித்தனியாக அடுக்கிப் பார்த்தால், முதல் பாதியில் அதே சாரல். இரண்டாம் பாதி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளை போலக் கைதட்டிச் சிரித்தாள் பிரேக் அக்கா.

படத்துக்குப் படம் டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்திவைக்கும் வசதி அவளுடைய மென்பொருளிலேயே இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பட்டனை அவள் சீண்டியதே இல்லை. மறுநாளே அதைப் போட்டுவிட்டாள்.

“அப்ப என் வேலை போச்சா?” என்று கொழுந்தன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

கோடில்லாத நெபுலாவைப் பெரிதாக அச்சடித்து டிரைவிங் ஸ்கூல் வரவேற்பறையில் மாட்டினாள். புதிதாகச் சேர வந்த பெரியவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “யாரோட ஸ்கேன்மா இது? ஒண்ணும் பயமில்லையே?” என்று கவலையோடு விசாரித்தார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, நெபுலா என்றால் என்னவென்று சொல்லத் தொடங்கினாள் அவள்.