மரியரட்ணம் வாழாத ஏழு வருடங்கள்

மரியரட்ணத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. கனடிய அரசாங்கத்துக்குத் தெரிந்த மரியரட்ணத்துக்கோ அறுபத்தாறு. இளந்தாரி என்றாலே இராணுவம் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போன காலத்தில், மன்னாரில் அவருடைய தகப்பன் யாரையோ பிடித்து, அடையாள அட்டையில் ஏழு வயதைக் கூட்டி எழுதுவித்தார். முதுமை அப்போது ஒரு கவசம். அதே திகதியோடு ரொறன்ரோவில் அகதியாகப் பதிந்தவர், பிறகு திருத்தப் பயந்து அப்படியே இருந்துவிட்டார்.

அவர் வேலை செய்த கதிரைத் தொழிற்சாலை மூடி எட்டு மாதம். விண்ணப்பித்த இடமெல்லாம் பிறந்த திகதியைக் கண்டதும் ஊமையாகின.

"பங்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில உண்மைத் திகதி கிடக்குத்தானே. எடுத்துக் காட்டுங்கோவன்," என்றார் மனைவி ஜோசப்பின்.

"காட்டலாம். பிறகு குடிவரவுக்காரருக்கு ஆர் விளக்கம் சொல்லுறது, நீரோ?"

மகள் மெலனி போனிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பா, வேலை தர முந்தி ஃபோர்மில வயசு கேக்கவே ஏலாது. ஒன்ராறியோ ஹியூமன் ரைட்ஸ் கோட். சும்மா வெறுமையா விடுங்கோ."

வாழாத வயதையும் அந்தச் சட்டம் காக்குமா என்று யோசித்தபடி அவர் வெளிக்கிட்டார்.

மோர்னிங்சைட் வீதியில் பஸ் ஏறினார். வெளியே பனி, விழுகிறதா எழுகிறதா என்று தெரியாமல் மிதந்தது. அந்த ஏழு வருடங்களை யார் வாழ்ந்திருப்பார்? முந்தியே கல்யாணம் முடித்து, முந்தியே வழுக்கை விழுந்த ஒரு மரியரட்ணம் முன் இருக்கையில் தலையாட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

பாண் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் மாக்கஸ் விண்ணப்பத்தைப் புரட்டினார். "பிறந்த திகதி வெறுமையாக இருக்கிறதே?"

"வேலை தந்தாப் பிறகு எழுதுறன்," என்றார் மரியரட்ணம், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "சட்டம் அப்பிடித்தான்."

மாக்கஸ் உள்ளே போய் யாரிடமோ கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் பாண்கள் வரிசையாக நகர்ந்தன. நேரமும் அவற்றோடு சூடாக, மெதுவாக, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர் பிறந்த திகதிப் பெட்டியைப் பேனையால் வெட்டிவிட்டு, தூக்கச் சொல்லி ஒரு கோதுமை மா மூட்டையைக் காட்டினார். மரியரட்ணம் அதைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"திங்கட்கிழமை வாருங்கள்," என்றார் மாக்கஸ்.

வேலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டதும் காப்புறுதிப் படிவம் வந்தது. வேலை தந்த பிறகு வயது கேட்கலாம். சட்டத்தின் கருணை அவ்வளவுதூரம்தான். அறுபத்தாறின் திகதியை எழுதிக் கொடுத்தார். மாக்கஸ் வாசித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்பமுடியவில்லை."

"நானும் நம்புறேல்லை."

மாக்கஸ் சிரித்தபடி அலுமாரியைத் திறந்தார். "வேலைச் சப்பாத்து அளவு?"

"ஒன்பது," என்றார் மரியரட்ணம், இந்த முறை யோசிக்காமலே.