பின்சீட்டுக் குளிர்

எங்கள் பழைய காரின் ஏசியைச் சரிசெய்வதா, கழற்றிவிடுவதா என்று யாராவது கேட்டால், ஒரு வருடமாக எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும், உங்களுக்கு இன்னா?” என்று வாயை அடைத்துவிடுவேன். எனக்குப் பயம். மெக்கானிக் கைவைத்தால் அது எப்போது நின்றுபோனது என்று சொல்லிவிடுவார்.

போன சித்திரையில் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. மாமா, அதாவது அவள் கணவர், பாகூரில் வேலையில் இருந்தார். கரியமாணிக்கத்திலிருந்து நான்தான் காரை ஓட்டினேன். அக்கா பின்சீட்டில், இடப்பக்கம். அவளுக்கு வேர்த்துக் கொட்டியதால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாங்கியதிலிருந்து நான் தொட்டே பார்க்காத ஏசி பட்டனை அழுத்தினேன். காற்று உஸ்ஸென்று வந்தது. வில்லியனூரில், “குளிருதுடி, ஏசிய நிறுத்தேன்” என்றாள். “கொஞ்சம் சும்மா வாயேன்” என்று அதட்டினேன். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம், “ஏசிக் குளிருலதான் அப்படிச் சொன்னா” என்றேன். மாமாவிடமும் அதையேதான் சொன்னேன். நானும் அதை நம்பப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பின்சீட்டில் அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் முந்தானையை இழுத்துப் போர்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, “உள்ள யாரோ ஐஸ் வெச்சாப்ல இருக்குக்கா” என்றாள். ஒருநாள் நான்கு முழம் மல்லிப்பூவை அங்கே மறந்து வைத்துவிட்டேன். மதியம் முழுக்கக் கார் வெயிலில் நின்றது. ஸ்டியரிங் தொட முடியாமல் கொதித்தது. பூ மட்டும் ஒரு இதழ் வாடாமல், தொட்டால் சில்லென்று இருந்தது. அதை வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தேன்.

இந்தப் பங்குனியில் இன்ஜின் பக்கம் பெல்ட் கத்தத் தொடங்கியது. இனி தள்ளிப்போட முடியாது. மூலக்குளத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மாமாவும் கூடவே வந்தார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். “கம்ப்ரஸர் ஜாம் ஆயிக் கெடக்குதுக்கா. செய்யணும்னா எல்லாம் புதுசா போடணும். இல்ல, மொத்தமா கழட்டிட்டுச் சின்ன பெல்ட் போட்டுடலாம்.”

“செஞ்சிடுங்க” என்று வாயைத் திறப்பதற்குள் மாமா கேட்டார், “எப்பலேர்ந்துப்பா ஓடல?”

“துருவைப் பாருங்க சார். கேஸ் சொட்டு இல்ல. ரெண்டு மூணு வருஷமா வெறும் ஃபேன் காத்துதான் வந்திருக்கும். அதுவும் அனலாத்தான் வரும்.”

சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து, எதற்கோ சீட்டில் கையை ஊன்றியவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். உள்ளங்கையைப் பேன்ட்டில் தேய்த்தபடி என்னைப் பார்த்தார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “கழட்டிடுப்பா” என்றார்.

திரும்பும்போது முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்னால் போய், இடப்பக்கமே உட்கார்ந்தார். வில்லியனூர் வந்ததும் கேட்டார்.

“அவ எந்த எடத்துல குளிருதுன்னா?”

மூலக்குளம் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரியை நெருங்கும்போது என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கை வரவில்லை. ஓரம் கட்டினேன்.

“இங்கதான் மாமா.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிரே ஒரு ஆஸ்பத்திரி. கேட் திறந்திருந்தது, வாசலில் ஒரு நர்ஸ் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். பத்தடிகூட இருக்காது.

“இங்கயேவா?”

“ஆமா.”

“அப்ப ஏன்டி நிறுத்தல?”

“எப்பவும் போல அவ நச்சரிக்கிறான்னு நெனச்சேன் மாமா” என்றேன்.