கோஸ் பாத்திக்குச் சுண்ணாம்பு தேடி

சென்ற மாதம் மலைமேல் இருக்கும் ரிங்லெட்டிலிருந்து கீழே கம்பார் பக்கம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கிற காலம் இதுவல்ல. ஜப்பான்காரர் வந்தபின் எங்கள் எஸ்டேட்டில் பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கோஸ் நட்டிருக்கிறோம். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் கோஸுக்கு ஆகாது. வேர் வீங்கிச் செடி படுத்துவிடும். விளைச்சல் காட்டாதவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டான். என் அண்ணன் சவரிமுத்துவின் பாத்தியில் இலை முழுக்க மஞ்சளடித்துவிட்டது. சுண்ணாம்பு போட்டால் மண் திருந்தும் என்று மறுநாளே கிளம்பினேன்.

காய்கறி லோரி காலை ஐந்து மணிக்கு. தாப்பா இருபத்தொன்பது மைல்; வழியெல்லாம் வளைவு, வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது. டிரைவர் முனியாண்டி ஜப்பான் நோட்டைக் கையால் தொடமாட்டார். கூலியாக ஒரு காட்டி எடைத் தேயிலை கொடுத்தேன். தாப்பாவிலிருந்து இன்னும் இருபது மைல் போனால் சுண்ணாம்புக் குன்றுகள், அடிவாரத்தில் சீனர் ஒருவரின் சூளை.

மூட்டை கட்டும்வரை பாறையைப் பார்த்தேன். பெரும்பாலும் பூமிச் சூட்டில் வெந்து பளிங்காகிப்போன கல். ஓரிடத்தில் மட்டும் சிறுசிறு உருண்டைகள் அப்பிக் கிடந்தன.

"என்னாலா இது, மீன் முட்டையா?" என்றார் முனியாண்டி.

"கடல்ல உருண்ட சுண்ணாம்புண்ணே."

சண்டைக்கு முன் கல் ஆராயும் துரையிடம் பெட்டி தூக்கியவன் நான். இந்த மட்டும் தெரியும். இந்த இடம் ஒரு காலத்தில் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சிப்பி உடைசலோ மணலோ அலையில் புரளும்போது, நீரில் கரைந்த சுண்ணாம்பு அதன்மேல் தோல் தோலாகப் படியும். எல்லாப் பக்கமும் உருண்டால்தான் உருண்டையாகும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும்.

"சும்மா கெடந்தா ஆவாதா?"

"ஆவாது."

"நம்ம பொழப்புதான்லா. உருட்டிக்கிட்டே இருக்கானுங்க."

திரும்பும்போது தாப்பாவில் பட்டாளத்துக்காரர்கள் லோரியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். சுட்ட சுண்ணாம்பில் மழை பட்டால் கொதித்துப் புகையும்; கித்தான் போட்டு இறுக்கக் கட்டி மேலே வந்தோம்.

எங்கள் குடியிருப்பு லைன் வாசலில் அண்ணி நின்றிருந்தார்.

"நேத்து காலைல பேர் கூப்பிட பெரட்டுல நின்ன ஆம்பளைங்கள சயாமுக்கு லோரில ஏத்திட்டானுங்க. தம்பி சுண்ணாம்பு கொண்டாறான்னு உங்கண்ணன் எவ்வளவோ சொன்னாரு. கேக்கல, அவரையும் கொண்டுபோயிட்டானுங்க."

மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு அழுதேன். பிறகு அண்ணியும் நானும் அதே பாத்தியில் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிட்டோம். புது நாற்று பச்சையாக நிற்கிறது. நேற்று அதிகாரி வந்து பார்த்து, நன்று என்று தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுண்ணாம்புக்கு இறங்குகிறவர்கள் நல்ல கித்தான் கொண்டுபோங்கள், கூலிக்குத் தேயிலை வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகப் போகிறீர்களோ, அந்த ஆளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.