தூணுக்கு வெளியே ஃபுவாடினோ

உங்கள் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க உங்களுக்கு உரிமையில்லை என்றால் என்ன செய்வீர்கள்? ஃபுவாடினோ பன்றியிடம் பேசுகிறாள்.

சவாயித் தீவில் எங்கள் ஊர்ச் சபை வீட்டுக்கு, மற்ற வீடுகளைப் போலவே, சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். திங்கட்கிழமை காலைகளில் குடும்பத் தலைவர் என்ற பட்டம் பெற்ற ஆண்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உள்ளே உட்காருவார்கள். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆகவே தன் தம்பி விலியாமு சாயும் தூணிலேயே, வெளிப்பக்கம், புல்தரையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவள் தேங்காயைக் கீறிப் பன்றிக்குப் போடுகிறாள்.

மற்ற நாட்களில் வெளியூர்க்காரர்களை அருவிக்கு அழைத்துப்போவது அவள் தொழில். எரிமலைப் பாறைமேல் வெறுங்காலோடு முன்னே நடப்பாள். ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைக் கைதட்டி எழுப்பிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் தானே சிரிப்பாள். கூந்தலை விரித்த பெண்ணைப் பேய் பிடிக்கும் என்று ஊர்ப் பெண்கள் இறுக்க முடிந்துகொண்டு போகிற காட்டில், இவள் தலையை அவிழ்த்து அருவியில் அலசுவாள்.

"பேயா? ஆம்பளப் பேயா இருந்தா இந்நேரம் பட்டம் வாங்கிக்கிட்டு சபையில உக்காந்திருக்குமே!"

அந்த அருவிக்கு மேலே நிற்கும் மரங்களைத்தான் போன திங்களன்று சபை விலை பேசியது. மரம் போனால் அருவி போகும். எங்கள் குடிநீரும் அதுதான். அதைச் சுமந்து வரும் பெண்களில் ஒருத்திக்கும் சபையில் தூண் இல்லை. அநியாயத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

விலியாமு பேச வேண்டிய முறை வந்தது. அவன் தலையைச் சொறிந்தான். வெளியிலிருந்து தேங்காய் ஓட்டால் தூணில் ஒரு தட்டு விழுந்தது. அவன் மறுபடியும் தலையைத்தான் சொறிந்தான்.

"பன்னிப் பயலே!" என்றாள் அவள் பன்றியைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி. "மரத்த வித்துத் தின்னுட்டு நாளைக்கு எதக் குடிப்ப? கடல் தண்ணியா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூத்த தலைவர் துவாலாவுக்கு முகம் கறுத்தது.

"விலியாமு! உங்கக்காவ வாய மூடச் சொல்லு."

"நான் எப்படிங்க ஐயா சொல்றது? அக்கா மனசு நொந்து அழுதா தம்பிக்குக் கண்ணு போயிடும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

அந்தச் சாபத்தில் ஃபுவாடினோவுக்கு நம்பிக்கையில்லை. உள்ளே இருக்கிறவர்களுக்கு இருக்கிறது. அவளுக்கு அது போதும். மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினாள். விலியாமு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

துவாலா கையிலிருந்த ஆவா வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பன்னி வேற என்ன சொல்லுது?" என்றார்.

"பட்டம் இருக்கிறவங்க ஒரே ஒரு நாளு தண்ணி தூக்கிட்டு, அப்புறமா வெல பேசட்டும்னு சொல்லுது."

முடிவு அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போனது. சபை கலைந்து எல்லோரும் போனபின், அவள் புல்லில் நின்றபடியே கையை உள்ளே நீட்டி, முதுகுகள் சாய்ந்து சாய்ந்து வழவழப்பாகிவிட்ட தூணின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். காலை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

அருவி பார்க்க வருகிறவர்கள் முதலில் துவாலாவிடம் அனுமதி கேட்டாக வேண்டும். நீங்களும் வாருங்கள். அனுமதி கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: இந்தத் தூண்களில் ஃபுவாடினோவின் தூண் எது?