நாளைய தேதி குத்திய மனு

அந்த மனுவைப் பதிவேட்டில் ஏற்றும்போது என் பேனா ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது?

இரண்டு வருஷமாக இதற்கு என்னிடம் பதில் இல்லை. தேதி தவறு என்று தெரிந்து நின்றதா, வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் ஞாபகத்தில் நின்றதா? தெரிந்து நின்றது என்றால் நான் செய்தது குற்றம். இல்லையென்றால் கவனக்குறைவு. காலையில் ஒன்று தோன்றும், சாயங்காலம் மற்றது தோன்றும்.

திண்டுக்கல்லில் அரசாங்கத்தின் வழக்கு வேலைகளைப் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். அரிசிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற அந்த வருஷம் என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அகரத்துப் பக்கம் புதிதாக ஒரு சாலை போட நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எங்கள் ஆபீஸில் மனுக் கொடுக்க ஒரு கெடு வைத்திருந்தார்கள். மனுவை வாங்கித் தேதி முத்திரை குத்துவது, மறுநாள் காலை அந்த முத்திரையைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது, கடைசியில் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி மதுரைக்கு அனுப்புவது, எல்லாம் என் பொறுப்பு.

தேதி முத்திரையைத் தினமும் காலையில்தான் மாற்ற வேண்டும். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பால் கொடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் ஜன்னலில் ஆட்கள் நிற்பார்கள். அதனால் முந்தின சாயங்காலமே ரப்பர் பட்டையை நகர்த்தி மறுநாள் தேதியை வைத்துவிடுவேன். ஹெட்கிளார்க் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் காலையிலதான் விடியுது. நம்ம ஆபீஸ்ல மட்டும் சாயங்காலம் நாலரைக்கே விடிஞ்சிருதே!"

"காலையில இம்புட்டு வேலையில இது வேறயா சார்?" என்பேன். அவரும் விட்டுவிடுவார்.

கெடுவின் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. காலையில் பிள்ளையின் உடம்பு லேசாகச் சுட்டது. பகலெல்லாம் அதே நினைப்பு. மேஜையை ஒழுங்குபடுத்தி, முத்திரையைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தபோது ஜன்னலில் ஒரு பெண் மூச்சு வாங்க நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கால் முழுக்கச் செம்மண்.

"போயிறாத தாயி, செத்த நேரம் பொறு. பஸ்ஸு பாதியில நின்னுபோச்சு. நடந்தே வாரேன்."

"கடைசி நாள் வரைக்கும் என்னம்மா பண்ணுனீங்க?"

"எழுதிக் குடுக்க ஆளு கெடைக்கணும்ல? இருக்கது ஒத்தக் கெணறு. அது மேலயா ரோடு போடணும்? ஒரு பத்தடி அங்கிட்டுத் தள்ளிப் போட்டா அவுகளுக்கு என்ன கொறஞ்சு போச்சு, நீயே சொல்லு."

மனுவை வாங்கினேன். அதற்குள் அவள் பார்வை என் மாராப்பில் விழுந்தது. பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. நான் சேலையை இழுத்து மூடினேன்.

"அட, கைப்பிள்ளக்காரியா! அப்ப சட்டுன்னு குத்திட்டு ஓடு தாயி. பிள்ள தொண்ட வத்திப்போயிரும்."

சட்டென்று குத்தினேன். மை ஒற்றும் தாளை மேலே வைத்து அழுத்தினேன். அழுத்தும்போது பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பார்த்ததாக நினைவில்லை. மனுவை மற்ற மனுக்களின் கட்டில் சொருகிவிட்டு ஓடினேன். பிள்ளைக்கு ஜுரம் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை, முத்திரையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். புதன்கிழமைத் தேதி. அப்போதுதான் பேனா நின்றது. பிறகு எழுதியது.

மூன்று மாதம் கழித்து மதுரையிலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் டைப் அடிக்க வேண்டியவள் நான். பன்னிரண்டு மனுக்களில் பத்தை விசாரித்துத் தள்ளியிருந்தார்கள். ஒன்றை ஏற்று, அந்த மனுக்காரரின் தோட்டத்துக் கிணற்றை விட்டுச் சாலையை வளைத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். மிச்சம் ஒன்றை விசாரிக்கவே இல்லை. கெடு முடிந்து மறுநாள் வந்த மனு என்று ஒரே வரி.

பதிவேட்டைப் புரட்டினேன். அது, நடந்தே வந்து கொடுத்தவளின் மனு. அந்தக் கடிதத்தை அடித்து முடித்து கார்பன் தாளை எடுத்தபோது, அது புதுத்தாளாக இருந்ததால், வெளிச்சத்தில் அந்த ஒரு வரி மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்தத் தாளை மறுபடி உபயோகிக்க எனக்கு மனம் வரவில்லை. கசக்கிப் போடவும் வரவில்லை. இப்போதும் என் இழுப்பறையில் இருக்கிறது.

ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"முத்திரையும் உன் கை, பதிவேடும் உன் கை. ரெண்டும் ஒண்ணா சொல்லுது. இப்ப வாய் மட்டும் வேற சொன்னா எதம்மா எடுத்துக்குவாங்க? நீ டெம்பரவரி, ஞாபகம் இருக்கட்டும். விசாரிச்சிருந்தாலும் தள்ளித்தான் இருப்பாங்க. பத்தோட பதினொண்ணு."

"வளைச்சுப் போடச் சொன்ன மனு மாதிரியும் ஆகியிருக்கலாமே சார்?"

அவர் ஒரு காகிதக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். கடிதம் தபாலுக்குப் போயிற்று.

ஒரு வாரத்தில் அவளே அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கூரு வாத்தியாரு படிச்சு என்னமோ சொன்னாரு. நான் நம்பல. வாங்குனவ நீதான தாயி, நீயே படி."

படித்தேன். "கெடு முடிஞ்சு மறுநாள் வந்ததாம்மா," என்றேன். 'கொடுத்தீங்களாம்' என்று சொல்லாமல் 'வந்ததாம்' என்று சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அவள் விரல் விட்டு எண்ணினாள். சந்தைக்குப் போன நாளைச் சொன்னாள், பஸ் நின்ற நாளைச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நான் வாயைத் திறந்தேன். பக்கத்து மேஜையில் ஹெட்கிளார்க் தொண்டையைச் செருமினார். அவர் செருமியதால் நிறுத்தினேனா, நிறுத்துவதற்கு அது எனக்கு வசதியாகப் போயிற்றா?

"அப்ப எனக்குத்தேன் புத்தி பிசகிப் போச்சா?" என்றாள். கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். போகும்போது, "பிள்ள நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

சாலை போட்டாகிவிட்டது. ஒருமுறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஓர் இடத்தில் பஸ் வளைந்து ஒரு கிணற்றைச் சுற்றிப் போயிற்று. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்கல் வெயிலில் தெரிந்தது. அதைத் தாண்டிச் சாலை நேராக ஓடியது. எந்த இடத்தில் அவள் கிணறு இருந்திருக்கும் என்று தெரியாமல், கடைசி வரை காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவளுக்குத் தோட்டம் காய்ந்து கிடக்கிறது. மற்றவர் தோட்டத்துக் கத்தரிக்காயை வாங்கிக் கூடையில் விற்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கும் வருகிறாள். என்னைக் கண்டால் கூடையை இறக்கி வைத்து என் மகளைக் கொஞ்சுவாள். போன வாரம் சொன்னாள்:

"நாளு எண்ணத் தெரியாத கெழவியால கெணறு போச்சுன்னு மருமக நெதம் சொல்றா. மகன் மூஞ்சி குடுத்தே பேசுறதில்ல. அவன என்ன சொல்ல? என் தப்புத்தேன்."

சோற்றுக்கு வெஞ்சனமாக வாங்கிய கத்தரிக்காய்க்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

முத்திரையை இப்போது காலையில்தான் மாற்றுகிறேன். மாற்றியபின் மூன்றுமுறை வெற்றுத்தாளில் குத்திப் பார்க்கிறேன். நேற்று என் மகள் சுவர்க் காலண்டரில் நாளைய தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டாள். அடித்துவிட்டேன். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு எதற்கு அடி என்று தெரியவில்லை, அழக்கூடச் செய்யாமல் என்னையே பார்த்தது. அந்தத் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தேன்.

சென்ற மாதம் வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி அந்தக் காரணத்தையும் சொல்ல முடியாது. என் கணவர், "சொன்னா கெணறு திரும்பவா வரும்? பாவம், அந்தம்மாளுக்கு இன்னும் ஒரு வேதனை," என்கிறார். கிணறு வராது, தெரியும். ஆனால் அவள் சரியாகத்தான் எண்ணினாள் என்பது உலகத்தில் எனக்கும் ஹெட்கிளார்க்குக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரிந்திருக்கிறது. அவள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவளைத் தனியாக அழைத்துச் சொல்வதா, அவள் வீட்டுக்கே போய் மகன், மருமகள் முன்னால் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருப்பதா? பேனா ஏன் நின்றது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? இதைப் படிப்பவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், வயதில் மூத்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத் தோன்றுவதைத் தயவுசெய்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அவள் வருவாள்.