தகரம் எந்தப் பக்கம் விழுந்துச்சு?

தினமும் காலை ஆறு மணிக்கு நம் வானிலை வாட்ஸ்அப் குழுவில் விழும் முதல் செய்தி தவமணி அக்காவுடையதாகத்தான் இருக்கும். கண்டி மஹய்யாவையில் தன் வீட்டு மாடியில் வைத்திருந்த மழைமானியைப் பார்த்து ஓர் எண்ணும், அதற்குக் கீழே காற்று வந்த திசையும் போடுவார். போன செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு எதுவும் வரவில்லை. ஏழேகாலுக்கு அவர் நம்பரிலிருந்து செய்தி வந்ததும், "அப்பாடா, அசந்து தூங்கிட்டாங்க போல" என்று திறந்தேன். எழுதியிருந்தவர் அவருடைய தம்பி. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அக்கா போய்விட்டாராம். கட்டுகஸ்தோட்டையில் என் கடைக் கதவைப் பாதி தூக்கியபடி நின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து நீங்கள் எல்லோரும் குழுவில் அவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் மட்டும் வாயே திறக்கவில்லை. "என்ன ஜெயம் அண்ணே, கல்லு மாதிரி இருக்கீங்க" என்று ஒருவர் கேட்டும்விட்டார். அக்காவைப் பற்றி எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் எடுத்தது.

அக்கா எனக்கு அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். நான் ஹார்ட்வெயர் கடைக்காரன். கூரைத் தகரம் விற்பவன். பெருங்காற்று அடித்த மறுநாள் கடை நிறைய ஆள் நிற்கும்போது, குடையும் குறிப்பெழுதும் கொப்பியுமாக ஓர் அம்மா முன்னால் வந்து நின்றார். "தம்பி, இன்னைக்குத் தகரம் வாங்க வந்தவங்க எந்தெந்த ஊரு?" என்றார். "உங்களுக்குத் தகரம் வேணுமா, வேணாமா?" என்று நான் சிடுசிடுத்தேன். "வேணாம். பறந்த தகரம் எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். யாரோ கழன்ற கேஸ் என்று நினைத்தேன். நகர அலுவலகம் ஒன்றில் பொதுமக்களின் முறைப்பாடுகளைப் பதியும் மேசையில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. "கூரை பறந்துடுச்சுன்னு ஆயிரம் பேரு சொல்லுவாங்க. எங்க போய் விழுந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்பார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு வித்தை இருந்தது. எல்லாத் தகரமும் ஒரே திசையில் கிடந்தால் அடித்தது நேர்க்காற்று. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு திசை, அந்தப் பக்கம் எதிர்த்திசை என்று கிடந்தால் வந்தது சுழல். பத்திரிகைக்காரர்கள் மினி சூறாவளி என்று எழுதுவது இதைத்தான். பெரும் புயல் கரையேறும்போது அதன் கண்ணுக்கு வெகுதூரத்தில், வெளி மேகப் பட்டைகளுக்குள் இப்படிச் சில சுழல்கள் முளைக்கும். ஐந்து நிமிடம் இருக்குமோ என்னவோ, ஒரே ஒரு தெருவைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போய்விடும். நாமோ செய்மதிப் படத்தில் புயலின் கண்ணைப் பார்த்து "ஆகா, என்ன வடிவு!" என்று வாயைப் பிளந்துகொண்டிருப்போம். அக்கா ஏசுவார்: "கண்ணையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. முந்தானையப் பாருங்க. முள்ளுல மாட்டுறது முந்தானைதான்."

குழுவில் புதிதாகச் சேரும் யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. "உங்க வீட்டுல யாரு யாரு, பகல்ல எந்தக் கூரைக்குக் கீழ இருப்பாங்க, தகரமா ஓடா கொங்கிரீட்டா?" என்று கேட்டு, போன் நம்பரோடு எழுதிக்கொள்வார். கல்யாணத் தரகர் கூட இப்படி விசாரிக்க மாட்டார் என்று நாம் கேலி செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். என் மனைவி வசந்தா மடவளையில் ஒரு ஹாஜியாரின் தையல் கொட்டகையில் வேலை செய்வதையும், அதன் கூரை நான் விற்ற தகரம்தான் என்பதையும் அப்படித்தான் சொன்னேன். நல்ல உயர்ந்த சாமான் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். புயல் தென்கிழக்குக் கரையில் ஏறி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. "அது போற பாதைக்கு வலது கைப்பக்கம் நாம இருக்கோம். சுழல் முளைக்கிறது பெரும்பாலும் அந்தப் பக்கந்தான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று அக்கா காலையிலேயே குழுவில் எழுதினார். "மலைக்குள்ள அதெல்லாம் வராது அக்கா, மலை உடைச்சிரும்" என்று பதில் போட்டது யார் தெரியுமா? நான்தான். மலைநாட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. மலைகளை நாம் மதில் சுவர் என்றே நினைத்திருக்கிறோம்.

வராது என்று எழுதிய அதே ஆள், மதியம் கடையை விட்டுவிட்டு மகாவலிப் பாலத்தில் போனும் கையுமாக நின்றேன். வந்தால் பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு. வசந்தா போனில் கோல் எடுத்தாள்.

"ஏங்க, இங்க காத்து ஒரு மாதிரியா இருக்கு. தகரம் கிடந்து அடிச்சுக்குது. நான் வெளிய போயிறவா?"

"மலைக்குள்ள ஒண்ணும் வராதுடி. சும்மா பயந்து சாகாம வேலையப் பாரு."

இதுதான் என் தப்பு. அந்த நேரத்தில் மேகத்தை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வைத்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து மேகத்தின் அடி கறுத்துத் தொங்கியது. தொங்கிய நுனி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. நான் வீடியோப் படம் எடுத்தபடியே, "வருது, வருது! ஐயோ, என்ன அழகு!" என்று கத்திக் குழுவுக்கு அனுப்பினேன். அந்தக் குரல் உங்கள் போன்களில் இன்னும் இருக்கும். அது சுற்றிய இடம் மடவளைப் பக்கம் என்று எனக்கு உறைக்க நேரம் பிடித்தது.

உடனே வசந்தாவைக் கூப்பிட்டேன். வசந்தாவின் போன் அடிக்கவே இல்லை. ஏறிய பஸ், வழியில் மரம் விழுந்து நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். மடவளையை நெருங்க நெருங்கத் தகரங்கள் கிடந்தன. முதலில் எல்லாம் ஆற்றுப் பக்கம் பார்த்துக் கிடந்தன. நேர்க்காற்றுதான், நேர்க்காற்றுதான் என்று சாமி பெயர் போலச் சொல்லிக்கொண்டே போனேன். கொட்டகைக்குத் திரும்பும் சந்தியில் ஒரு தகரம் அதற்கு நேரெதிராக மலைப் பக்கம் பார்த்துக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. என் கடைச் சாமான், எனக்குத் தெரியாதா? வந்தது சுழல். அக்கா சொல்லித் தந்த பாடம் அன்று என் கழுத்தைப் பிடித்தது.

கொட்டகைக்குக் கூரையே இல்லை. தையல் மெஷின்கள் மேல் கூரையைத் தாங்கிய தீராந்தி விழுந்து கிடந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டிலிருந்து ஹாஜியார் ஓடி வந்தார்.

"எழும்புங்க தம்பி! எல்லாரும் எங்கட ஊட்டுக்குள்ள ஈக்குறாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. கண்டியிலேந்து ஒரு மனிசி கோலுக்கு மேல கோல் எடுத்து ஏசின ஏச்சு! கொங்கிரீட்டுக்குக் கீழ எடுங்க, எடுங்கன்னு. அவ வாய்க்குப் பயந்துதான் எடுத்தன்."

உள்ளே கதிரையில் வசந்தா தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தாள். என்னைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்து அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். கண் கொட்டாமல் மூன்று தரம் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சுழலைத் தேடிய மனுஷி, ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. "அழகாத்தான் இருக்கு தம்பி. நானும் அங்க நின்னிருந்தா உங்கள மாதிரித்தான் கத்தியிருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்குப் பயம்" என்றார். "ரசிங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி கூரைக்குக் கீழ யாருன்னு கேட்டுருங்க." வசந்தாவிடம் நான் சொன்னதை அவரிடம் சொல்லிவிடத் துடித்தேன். வெட்கம் விடவில்லை. அவருக்குத் தெரியாமலே போகட்டும் என்று விட்டேன்.

அக்காவின் செத்த வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வசந்தா அழுதுகொண்டே சொன்னாள். "அன்னைக்கு அக்கா முதல்ல எனக்குத்தான் கோல் எடுத்தாங்க. வெளிய வான்னாங்க. அவரு வராதுன்னு சொன்னாரே அக்கா, முதலாளியும் ஏசுவாருன்னு நான் வர மாட்டேன்னேன். 'அவரு வானத்தப் பாக்குறாரு, நீ கூரையப் பாரு. ஒங்க முதலாளி நம்பரக் குடு, அவருகிட்ட நான் பேசிக்கிறேன்'னாங்க. பொறகு, ஒங்ககிட்ட இதச் சொல்லாத, பாவம், மனுசன் ஒடைஞ்சு போயிருவாருன்னாங்க."

அவருக்குத் தெரிந்திருந்தது. என் கடையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தபோதும் தெரிந்திருந்தது.

இதை எழுதும்போது ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. வங்கக் கடலில் இன்னொரு தாழமுக்கம், புயலாகலாம் என்கிறார்கள். குழுவில் நீங்கள் படங்கள் போடத் தொடங்கிவிட்டீர்கள். நான் போனை எடுத்து வசந்தாவைக் கூப்பிட்டு, எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"கொங்கிரீட்டுதான்," என்றாள். "நீங்க எங்க நிக்கிறீங்க?"

கடை மொட்டைமாடியில்தான் நின்றிருந்தேன். இறங்கி வந்துவிட்டேன், அக்கா.