வெட்டச் சொன்ன சொல்லு

பேய், ஆவி எண்டு ஆராவது கதைச்சா எழும்பிப் போற ஆள் நான். இப்பவும் அப்பிடித்தான். நீங்கள் சிரிக்காமல் கேளுங்கோ, பிறகு நம்பினா நம்புங்கோ, விட்டா விடுங்கோ.

சண்டை ஓஞ்சிருந்த சமாதான காலம். முரசுமோட்டையில எங்கட வீட்டில ஒரு கொம்பியூட்டர், வீடியோக் கசற்றுப் போடுற ஒரு பழைய டெக், முத்தத்தில ஜெனரேற்றர். ஆக்களின்ர கலியாண வீட்டு வீடியோ கசற்றுகளைக் கொம்பியூட்டரில ஏத்தி, வெட்டி ஒட்டி, சீடியில அடிச்சுக் குடுக்கிறதுதான் என்ர வேலை. இடம்பெயரேக்க மண்ணுக்குள்ள தாட்டு வைச்ச கசற்றெல்லாம் வரும், பூஞ்சணம் துடைச்சே கை ஓஞ்சு போகும்.

ஒருநாள் மத்தியானம் எங்கட ஊர் ராசமக்கா மகளின்ர கலியாணக் கசற்றோட வந்தா. அதில அவான்ர மகன் ரூபன் கமராவைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு சைக்கிளில ஏறுறான், பந்திக்கு வாழையிலை காணாதெண்டு வாங்கப் போறான். அண்டைக்குப் போனவன்தான், வரவேயில்லை. வழியில என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. சைக்கிளில ஏறேக்க அவன் சொன்னது, "அம்மா, போறன்."

எங்கட சனம் வெளிக்கிடேக்க அந்தச் சொல்லைச் சொல்லாது, போட்டு வாறன் எண்டுதான் சொல்லும். பெடியன் அவசரத்தில மறந்திட்டான்.

"தம்பி, அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிடு அப்பன். முகம் அப்பிடியே கிடக்கட்டும். அவன்ர வாயில அது வந்தபடியாத்தான்..." எண்டு கசற்றை என்ர கையில வைச்சா. "ஓம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ" எண்டன்.

அவா போனாப்பிறகு கசற்றை ஏத்தினன். சத்தத்தை வெட்டுவமெண்டு அந்த இடத்துக்குப் போனா, "அம்மா, போட்டு வாறன்" எண்டு கேக்குது. இதென்ன கோதாரி எண்டு கசற்றைத் திருப்பி டெக்கில போட்டு ரீவியில பார்த்தன், "போறன்" எண்டுறான். திரும்பக் கொம்பியூட்டரில ஏத்தினன், "போட்டு வாறன்" எண்டுறான். என்ர மனிசியைக் கூப்பிட்டுக் கேக்க வைச்சன், அவளுக்கும் அப்பிடித்தான் கேட்டுது. சத்தியமா நான் ஒரு இடமும் கை வைக்கேல்லை. பட்டப்பகல், முத்தத்தில ஜெனரேற்றர் கத்துது, நான் எழும்பிப் போய் அதை நிப்பாட்டிப்போட்டன்.

வெட்டாமலே சீடி அடிச்சன், எனக்கும் ஒண்டு எடுத்து வைச்சன். ராசமக்கா வந்து திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டா. "பின்னை, வாறன் எண்டுதானே பிள்ளை சொல்லியிருக்கிறான்! எனக்குத்தான் காது பிழைச்சுப் போச்சு" எண்டு அழுதழுது சிரிச்சா, பாவம். கசற்றில வேற மாதிரிக் கேக்குதெண்டதை நான் சொல்லப் போகேல்லை. அதுக்குப் பிறகு, பெடியன் வந்தாத் திறந்து கிடக்கட்டுமெண்டு, அவா வீட்டு வாசல் படலையை இராவிலயும் கட்டுறதேயில்லை.

சண்டை திரும்பத் தொடங்கி, கடைசி இடப்பெயர்வில டெக்கும் போச்சு, கொம்பியூட்டரும் போச்சு, கசற்றும் போச்சு. உடையார்கட்டில செல்குண்டு விழுந்து ராசமக்காவும் போயிட்டா. சண்டை முடிஞ்சு, எங்களை அடைச்சு வைச்ச முகாமால நாங்கள் வெளியில வந்தாப்பிறகு, பையுக்குள்ள கிடந்த என்ர சீடியை வவுனியாவில ஒரு சொந்தக்காரர் வீட்டில போட்டன். அக்காவின்ர முகத்தை ஒருக்காப் பார்ப்பமெண்டுதான், வேற ஒண்டுக்குமில்லை.

ரூபன் சிரிச்சுக்கொண்டு சைக்கிளில ஏறுறான். "அம்மா, வந்திட்டன்" எண்டுறான்.

பக்கத்தில இருந்தவள் என்ர மனிசி, வேணுமெண்டா அவளைக் கேளுங்கோ. அண்டையில இருந்து நான் எங்க வெளிக்கிட்டாலும், "போட்டு வாறன்" எண்டு வாய் திறந்து சொல்லுமட்டும் படலையைத் திறக்க விடுறாளில்லை.